இரத்தம் எங்கே போயிற்று? குருட்டுக்குடல், குடல்வால் கட்டிகளைக் கண்டறிதல்



இம்முறை மருத்துவப் பாடத்தில், அதிகம் பேசப்படாத ஓர் உறுப்பைப் பற்றிப் படிக்கப் போகிறோம். அது நம் வலது அடிவயிற்றில் இருக்கிறது. அதன் பெயரைக்கூட நம்மில் அநேகர் கேள்விப்பட்டதில்லை. ஆனால் அதில் தொங்கும் சிறிய வாலை எல்லாருக்கும் தெரியும். "அப்பெண்டிக்ஸ் ஆபரேஷன்" நடந்த ஒருவராவது இல்லாத குடும்பம் அபூர்வம். வாலைத் தெரிந்திருக்கும் நாம், அந்த வால் எதில் தொங்குகிறது என்பதை அறியாமல் இருக்கிறோம். அந்தப் பகுதியில் உண்டாகும் கட்டிகளை எப்படிச் சந்தேகிப்பது, எப்படிக் கண்டறிவது என்பதே இன்றைய பாடம்.

பாடத்தின் சாரத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறோம். வயதில் பெரியவர் ஒருவருக்கு இரத்தம் குறைந்திருக்கிறது என்று தெரியவந்தால், "இரத்தம் ஏறுவதற்கு என்ன கொடுக்கலாம்?" என்று நாம் கேட்கிறோம். அதற்கு முன் கேட்க வேண்டிய கேள்வி ஒன்று உண்டு: "இருந்த இரத்தம் எங்கே போயிற்று?" இந்தக் கேள்வியைக் கேட்காமல் டானிக்கும் மாத்திரையுமாகக் கழியும் மாதங்களில், குணமாகக்கூடிய ஒரு வியாதி குணமாகாத வியாதியாக மாறிவிடலாம்.

இடத்தை அறிந்துகொள்வோம்

நாம் உண்ணும் உணவு இரைப்பையைக் கடந்து, சிறுகுடலின் வழியாகப் போய், வலது அடிவயிற்றில் பெருங்குடலைச் சேருகிறது. சிறுகுடல் பெருங்குடலின் நுனியில் சேராமல், சற்று மேலே பக்கவாட்டில் வந்து சேருகிறது. ஆகவே சேரும் இடத்துக்குக் கீழே பெருங்குடலின் ஒரு பகுதி, அடி மூடிய பை போலத் தொங்குகிறது. ஏறக்குறைய 6 சென்டிமீட்டர் நீளமுள்ள இந்தப் பைதான் குருட்டுக்குடல். மருத்துவர்கள் இதைச் சீக்கம் என்பார்கள். குருடு என்று பொருள்படும் லத்தீன் சொல்லிலிருந்து வந்த பெயர் அது. குருட்டுச் சந்து என்று நாம் சொல்வதில்லையா? மறுபக்கம் வழியில்லாத சந்தைப் போன்றது இந்தக் குடல்.

இந்தப் பையின் அடியிலிருந்து ஒரு மண்புழுவைப்போல நீண்டிருப்பது குடல்வால். இதுவே அப்பெண்டிக்ஸ். பெரும்பாலானவர்களுக்கு 6 முதல் 9 சென்டிமீட்டர் நீளம் இருக்கும். சிறுகுடலும் பெருங்குடலும் சேரும் வாசலில் உதடு போன்ற ஒரு தடுப்பு உண்டு. அது பெருங்குடலில் இருப்பது சிறுகுடலுக்குத் திரும்பிப் போகாதபடி காக்கிறது. குருட்டுக்குடல், குடல்வாலின் துவாரம், இந்த உதடு ஆகிய மூன்றையும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள். பரிசோதனையைப் பற்றிப் படிக்கும்போது இவை மறுபடியும் வரும்.

ஏன் சத்தமில்லாமல் வளருகிறது?

பெருங்குடலின் இடதுபக்கத்தில் கட்டி வந்தால் அது சீக்கிரமாகத் தன்னைக் காட்டிக்கொடுக்கும். அங்கே குடல் குறுகலானது; மலமும் இறுகியிருக்கும். ஆகவே மலச்சிக்கல், வயிற்று உப்புசம், மலத்தோடு சிவப்பாக இரத்தம் போகுதல் ஆகியவை தோன்றும். வியாதியஸ்தர் பயந்து மருத்துவரிடம் ஓடுவார்.

குருட்டுக்குடலில் நிலைமை வேறு. பெருங்குடலிலேயே அதிக அகலமான பகுதி இதுதான். இங்கே வந்து சேருவது இன்னும் நீர்போன்ற கழிவு. ஒரு கட்டி எலுமிச்சம்பழ அளவுக்கு வளர்ந்தாலும், கழிவு அதன் பக்கவாட்டில் தாராளமாகப் போய்விடும். அடைப்பு இல்லை, வலியும் பெரும்பாலும் இல்லை. ஆனால் கட்டியின் மேற்பரப்பு மென்மையானது. அதை உரசிக்கொண்டு கழிவு போகும்போதெல்லாம் சிறிது இரத்தம் கசிகிறது. அந்த இரத்தம் ஒன்றரை மீட்டர் நீளமுள்ள பெருங்குடல் முழுவதும் கழிவோடு கலந்து வருவதால், வெளியேறும்போது கண்ணுக்குத் தெரிவதில்லை.

இதை ஒரு சிறு கணக்காகப் பார்ப்போம். ஒரு மில்லிலிட்டர் இரத்தத்தில் ஏறத்தாழ அரை மில்லிகிராம் இரும்புச்சத்து இருக்கிறது. நாள்தோறும் 5 முதல் 10 மில்லிலிட்டர், அதாவது ஒன்று இரண்டு தேக்கரண்டி இரத்தம் கசிந்தால், இரண்டரை முதல் 5 மில்லிகிராம் இரும்பு போய்விடும். நம் சரீரம் உணவிலிருந்து ஒரு நாளில் ஏற்றுக்கொள்வது பொதுவாக 1 முதல் 2 மில்லிகிராம் மட்டுமே. வரவைவிடச் செலவு அதிகம். சேமிப்பு கரையும்வரை ஒன்றும் தெரியாது. அது தீர்ந்த பின்பே களைப்பு, படியேறினால் மூச்சுவாங்குதல், நெஞ்சு படபடப்பு, கண்ணிமையின் உட்புறம் வெளுத்தல் ஆகியவை தோன்றுகின்றன. "வயதாகிவிட்டது, அப்படித்தான் இருக்கும்" என்று நாமும் சொல்லிவிடுகிறோம்.

இங்கே ஒரு சிக்கலும் உண்டு. இரும்புச்சத்து மாத்திரை சாப்பிடுகிறவர்களின் மலம் கறுப்பாகவே போகும். ஆகவே மாத்திரையைத் தொடங்கிய பிறகு நிறத்தைப் பார்த்து எதையும் தீர்மானிப்பது கடினம். மாத்திரையால் ஹீமோகுளோபின் சற்று ஏறவும் செய்யும். குடும்பத்தார் நிம்மதி அடைகிறார்கள். கசிவோ நிற்கவில்லை.

ஒரு ஜனாதிபதியின் குருட்டுக்குடல்

இந்த வியாதியின் சரித்திரத்தில் உலகம் முழுவதும் கவனித்த ஒரு சம்பவம் உண்டு. அமெரிக்க ஜனாதிபதியாக இருந்த ரொனால்ட் ரீகனுக்கு 1984 மே மாதத்தில் நடந்த பரிசோதனையில், பெருங்குடலின் கடைசிப் பகுதியில் ஒரு சிறிய பாலிப் காணப்பட்டது. பாலிப் என்பது குடலின் உட்சுவரில் மொட்டுப்போல வளரும் சதை. அது புற்றுநோய் அல்ல என்று தெரிந்தது. 1985 மார்ச் மாதப் பரிசோதனையில் மீண்டும் ஒரு சிறிய பாலிப் தெரிந்தது. மலத்தில் மறைந்த இரத்தத்தின் அடையாளமும் இருந்தது. அதுவரை பார்க்கப்பட்டது குடலின் கீழ்ப்பகுதி மட்டுமே.

1985 ஜூலை 12ஆம் தேதி, அந்தச் சிறிய பாலிப்பை அகற்றுவதற்காக அவர் பெதெஸ்டா கடற்படை மருத்துவமனைக்குச் சென்றார். அன்று மருத்துவர்கள் நீளமான கருவியைக்கொண்டு பெருங்குடல் முழுவதையும் பார்த்தார்கள். குருட்டுக்குடலில், எவரும் எதிர்பாராத விதமாக, சுமார் 5 சென்டிமீட்டர் அளவுள்ள பெரிய கட்டி இருந்தது. அவருக்கு அதனால் வலியோ அடைப்போ இருக்கவில்லை. மறுநாளே அறுவை சிகிச்சை நடந்தது. குருட்டுக்குடலையும் அதைச் சேர்ந்த வலதுபக்கக் குடலையும் சேர்த்து ஏறக்குறைய இரண்டடி நீளம் வெட்டி எடுக்கப்பட்டது. ஜூலை 15ஆம் தேதி நுண்ணோக்கிப் பரிசோதனையின் முடிவு அறிவிக்கப்பட்டது. கட்டியில் புற்றுநோய் இருந்தது. அது குடலின் தசைச்சுவருக்குள் இறங்கியிருந்தது. ஆனால் நிணநீர்க் கணுக்களுக்குப் பரவவில்லை.

அப்போது அவருக்கு வயது 74. 1989 ஜனவரி வரை பதவிக்காலத்தை முடித்து, 2004 ஜூன் மாதம் தமது 93ஆம் வயதில் அவர் காலமானார். அறுவை சிகிச்சைக்குப் பின் ஏறக்குறைய 19 ஆண்டுகள் வாழ்ந்தார். இந்தச் சம்பவத்தில் நமக்கு மூன்று பாடங்கள் உண்டு. முதலாவது, அந்தக் கட்டி தானாகத் தன்னை அறிவிக்கவில்லை. மறைந்த இரத்தமே அதன் அடையாளம். இரண்டாவது, குடலின் கீழ்ப்பகுதியை மட்டும் பார்த்து "ஒன்றுமில்லை" என்று முடிவுகட்ட முடியாது. மூன்றாவது, பரவுவதற்கு முன் கண்டுபிடித்தால் வயது ஒரு தடையல்ல.

என்னென்ன கட்டிகள்?

குருட்டுக்குடலில் வரும் புற்றுநோய் பெரும்பாலும் பாலிப்பிலிருந்தே உண்டாகிறது. ஒரு பாலிப் புற்றுநோயாக மாறப் பொதுவாகப் பல ஆண்டுகள், பத்து ஆண்டுகள்கூட ஆகும். இது நமக்குக் கிடைத்திருக்கும் அவகாசம். ஆனால் வலதுபக்கக் குடலில் வரும் சில பாலிப்புகள் மொட்டுப்போல எழும்பாமல், தட்டையாகச் சுவரோடு ஒட்டிக்கிடக்கும். அவற்றைக் காண மிகவும் கவனமாகத் தேடவேண்டும். குடலும் நன்றாகச் சுத்தம் செய்யப்பட்டிருக்க வேண்டும்.

வலது அடிவயிற்றில் கைக்குத் தட்டுப்படும் எல்லாக் கட்டியும் புற்றுநோய் அல்ல. நம் நாட்டில் இதை அழுத்திச் சொல்லவேண்டும். ஏனெனில் குடலைத் தாக்கும் காசநோய் மிகவும் விரும்பித் தங்கும் இடம் இதுவே. சிறுகுடல் முடிந்து குருட்டுக்குடல் தொடங்கும் இடத்தில் காசநோய் வந்தால், அங்கே தடிப்பும் கட்டியும் உண்டாகும். எடை குறையும், மாலைநேரக் காய்ச்சல் வரலாம், வயிறு உருண்டு வலிக்கும். அமீபா கிருமியால் வரும் கட்டி, கிரோன் நோய் என்னும் நாட்பட்ட குடல் அழற்சி, குடல்வால் அழற்சியினால் சுற்றிலும் திரண்ட கட்டி, நிணநீர்த் திசுப் புற்றுநோய் ஆகியவையும் அதே இடத்தில் அதேபோலத் தோன்றக்கூடும்.

இவற்றுள் காசநோயையும் புற்றுநோயையும் பிரித்தறிவது உயிர்ப் பிரச்சினை. காசநோய்க்கு ஆறு மாத மாத்திரை போதும். பெரும்பாலும் கத்தியே தேவையில்லை. புற்றுநோய்க்கு அறுவை சிகிச்சை வேண்டும். ஸ்கேனில் தடிப்பு தெரிந்தவுடன் "டி.பி.யாக இருக்கலாம்" என்று மாத்திரையைத் தொடங்கிவிட்டு, ஆறு மாதம் காத்திருந்தால், புற்றுநோய்க்காரருக்கு அந்த ஆறு மாதம் திரும்பக் கிடைக்காது. இதற்கு நேர்மாறாக, புற்றுநோய் என்று பயந்து வைத்தியமே வேண்டாம் என்று வீட்டுக்குப் போய்விடும் காசநோய்க்காரரும் உண்டு. இருவரையும் காப்பாற்றுவது ஒரு சிறு துண்டுச் சதைதான். அதை எடுத்து நுண்ணோக்கியில் பார்க்கவேண்டும். இதுவே பயாப்ஸி.

கண்டறியும் படிகள்

முதற்படி, கேட்பதும் தொட்டுப்பார்ப்பதும். எடை குறைந்ததா, பசி குறைந்ததா, மலங்கழிக்கும் வழக்கம் மாறியதா, குடும்பத்தில் எவருக்காவது குடல் புற்றுநோய் இருந்ததா என்று மருத்துவர் கேட்பார். வியாதியஸ்தரைப் படுக்கவைத்து வலது அடிவயிற்றை மெதுவாக அழுத்திப் பார்ப்பார். வெட்கப்பட்டு மலத்தைப் பற்றிய கேள்விகளுக்குப் பதில் சொல்லாமல் இருப்பவர்கள் அநேகர். அது கூடாது.

இரண்டாம் படி, இரத்தப் பரிசோதனை. ஹீமோகுளோபின் ஆண்களுக்கு 13க்குக் குறைந்தாலும், பெண்களுக்கு 12க்குக் குறைந்தாலும் இரத்தசோகை என்று உலக சுகாதார நிறுவனம் வகுத்திருக்கிறது. அது இரும்புச்சத்துக் குறைவால் வந்ததா என்பதை ஃபெரிட்டின் என்னும் பரிசோதனை காட்டும். மாதவிடாய் உள்ள பெண்களுக்கு இரும்புக்குறைவு சாதாரணம். ஆனால் ஆண்களுக்கும், மாதவிடாய் நின்ற பெண்களுக்கும் இரும்புக்குறைவு வந்தால், இரைப்பையையும் பெருங்குடலையும் பார்த்தே தீரவேண்டும் என்று பல நாடுகளின் மருத்துவ வழிகாட்டுதல்கள் கூறுகின்றன. நம் கிராமங்களில் கொக்கிப்புழுவும் இரத்தத்தை உறிஞ்சும். ஆகவே அதற்கும் பரிசோதித்து மருந்து கொடுக்கவேண்டும். ஆனால் பூச்சிமருந்து கொடுத்ததோடு தேடுதலை நிறுத்திவிடக் கூடாது.

மூன்றாம் படி, மலத்தில் மறைந்திருக்கும் இரத்தத்தைத் தேடுதல். பழைய முறையில் இறைச்சியும் சில காய்கறிகளும் முடிவைக் குழப்பிவிடும். இப்போது வழக்கத்திலிருக்கும் புதிய முறை மனித இரத்தத்தை மட்டுமே கண்டுகொள்ளும், பத்தியம் தேவையில்லை. எனினும் ஒன்றைக் கவனியுங்கள். கட்டி எல்லா நாளும் கசிவதில்லை. ஒருமுறை "இல்லை" என்று வந்துவிட்டால் கட்டியே இல்லை என்று அர்த்தமல்ல. ஏற்கெனவே இரும்புக்குறைவும் எடைக்குறைவும் உள்ளவருக்கு, இந்த முடிவை மட்டும் நம்பி மேற்பரிசோதனையைத் தள்ளிப்போடக் கூடாது.

நான்காம் படி, ஸ்கேன். அல்ட்ராசவுண்டு ஸ்கேன் எளிதில் கிடைக்கிறது. குடல் சுவரின் தடிப்பையும், ஈரலில் பரவியிருக்கிறதா என்பதையும் ஓரளவு காட்டும். சி.டி. ஸ்கேன் இன்னும் தெளிவாகக் காட்டும். ஆனால் எந்த ஸ்கேனும் சிறிய பாலிப்பைக் காட்டும் என்று எதிர்பார்க்கக் கூடாது. ஒரு காலத்தில் பேரியம் எனிமா கொடுத்து எக்ஸ்ரே எடுத்துப் பார்த்தார்கள். பல இடங்களில் அதன் இடத்தை இப்போது ஸ்கேனும் கொலனோஸ்கோப்பியும் பிடித்துக்கொண்டன.

ஐந்தாம் படி, கொலனோஸ்கோப்பி. வளைந்துகொடுக்கும் நீண்ட குழாயின் நுனியில் விளக்கும் கேமராவும் வைத்து, ஆசனவாய் வழியாகச் செலுத்திப் பெருங்குடல் முழுவதையும் பார்ப்பதே இது. 1969ஆம் ஆண்டு நியூயார்க்கில் வில்லியம் வுல்ஃப், ஹிரோமி ஷின்யா என்னும் இரு மருத்துவர்கள் இக்கருவியைக்கொண்டு பாலிப்பை அகற்றும் முறையைத் தொடங்கிவைத்தார்கள். அதுவரை வயிற்றைத் திறந்து எடுக்கவேண்டியிருந்த பாலிப், அதன்பின் கருவியின் வழியாகவே எடுக்கப்பட்டது. சந்தேகமான இடத்திலிருந்து பயாப்ஸி எடுப்பதும் இதன் வழியாகத்தான்.

இந்தப் பரிசோதனைக்கு முந்தின நாள் நீராகாரம் மட்டும் உண்டு, பேதி மருந்து கலந்த நீரைக் குடித்துக் குடலைச் சுத்தம் செய்யவேண்டும். அநேகர் இதில் சோர்ந்து பாதியில் விட்டுவிடுகிறார்கள். குடல் சுத்தமாகாவிட்டால் முதலில் மறைந்துபோவது குருட்டுக்குடல்தான். அது கருவி சென்றடையும் கடைசி இடம். முன்பு மனதில் வைக்கச் சொன்ன அந்த மூன்றும் இப்போது உதவும். குடல்வாலின் துவாரத்தையும் உதடு போன்ற தடுப்பையும் கண்ட பின்பே, குருட்டுக்குடலின் அடிவரை போய்ச் சேர்ந்ததாக மருத்துவர் எழுதுவார். ஆகவே ரிப்போர்ட் கையில் கிடைத்ததும், "குருட்டுக்குடல் வரை பார்த்தாயிற்றா, டாக்டர்?" என்று மரியாதையாகக் கேளுங்கள். கேட்பதில் தவறில்லை.

புற்றுநோய் என்று பயாப்ஸியில் உறுதியானால், நெஞ்சுக்கும் வயிற்றுக்கும் சி.டி. ஸ்கேன் எடுத்து எதுவரை பரவியிருக்கிறது என்று பார்ப்பார்கள். சி.இ.ஏ. என்னும் இரத்தப் பரிசோதனையும் செய்வார்கள். அது நோயைக் கண்டுபிடிக்கும் பரிசோதனை அல்ல; சிகிச்சைக்குப் பின் நோய் திரும்புகிறதா என்று கவனிக்கவே முக்கியமாக உதவும்.

குடல்வாலில் வரும் கட்டிகள்

குடல்வாலில் கட்டி வருவது அபூர்வம். அழற்சிக்காக வெட்டியெடுக்கப்படும் குடல்வால்களைப் பரிசோதித்தால், ஏறக்குறைய நூற்றில் ஒன்றில் ஏதாவதொரு கட்டி இருக்கிறது. அநேகமாக அவை எதிர்பாராமல் கண்டுபிடிக்கப்படுகின்றன. காரணம் எளிது. குடல்வாலின் உள்வழி மிகக் குறுகலானது. கட்டி அதை அடைத்தால், வருவது சாதாரண அப்பெண்டிக்ஸ் அழற்சியின் வலியே. கொலனோஸ்கோப்பியிலும் அதன் துவாரம்தான் தெரியும். உள்ளே இருப்பது தெரியாது.

இவற்றில் மூன்று வகைகளை அறிந்துகொள்வோம். முதலாவது, கார்சினாய்டு என்று நெடுங்காலம் அழைக்கப்பட்டு, இப்போது நரம்பு நாளமில்லாக் கட்டி என்று அழைக்கப்படுவது. ஜெர்மானிய மருத்துவர் சீக்ஃப்ரீட் ஓபர்ன்டோர்ஃபர் 1907இல் கார்சினாய்டு என்ற பெயரைக் கொடுத்தார். இது இளவயதினரிடமும் காணப்படுகிறது. பெரும்பாலும் குடல்வாலின் நுனியில் இருக்கும். ஒரு சென்டிமீட்டருக்குக் குறைவாக இருந்தால், குடல்வாலை எடுத்ததோடு ஏறத்தாழ எப்போதும் குணம்தான். இரண்டு சென்டிமீட்டருக்கு மேற்பட்டால் வலதுபக்கக் குடலையும் எடுக்கவேண்டியிருக்கும். இடைப்பட்ட அளவில், நுண்ணோக்கியில் கண்டதைக்கொண்டு மருத்துவர்கள் தீர்மானிப்பார்கள்.

இரண்டாவது, சளிபோன்ற திரவத்தைச் சுரக்கும் கட்டி. குடல்வால் அந்தச் சளியால் நிரம்பி பலூன்போல வீங்கும். சி.டி. ஸ்கேனில் குடல்வாலின் அகலம் 15 மில்லிமீட்டருக்கு மேல் இருந்தால் இதைச் சந்தேகிக்கவேண்டும். சுவரில் சுண்ணாம்பு படிந்திருப்பதும் ஓர் அடையாளம். இதில் ஊசி குத்திச் சோதிக்கக் கூடாது. உடையாமல் முழுமையாக எடுக்கவேண்டும். உடைந்தால் சளியும் அதிலுள்ள செல்களும் வயிறு முழுவதும் சிந்தி, பல ஆண்டுகளாக மெல்ல மெல்ல ஜெல்லிபோல நிரம்பிவிடும். இந்நிலைக்கு 1884இல் வெர்த் என்னும் ஜெர்மானிய மருத்துவர் பெயரிட்டார். பெண்களுக்கு இது வந்தால் கர்ப்பப்பைக்குப் பக்கத்திலுள்ள சூலகத்தின் கட்டி என்று முதலில் நினைக்கப்படுவது உண்டு. இப்போது சிறப்பு மையங்களில், பரவியதை எல்லாம் வெட்டியெடுத்து, சூடாக்கிய புற்றுநோய் மருந்தை வயிற்றுக்குள் செலுத்திக் கழுவும் நீண்ட அறுவை சிகிச்சை செய்யப்படுகிறது.

மூன்றாவது, குடல்வாலில் தோன்றும் வழக்கமான புற்றுநோய். இது குருட்டுக்குடல் புற்றுநோயைப் போன்றது. குடல்வாலை மட்டும் எடுத்தால் பெரும்பாலும் போதாது.

அறக்கொடைப் பணிகளை ஆதரிப்பவர்களுக்கு ஆட்ரி ஹெப்பர்ன் என்ற பெயர் தெரிந்திருக்கலாம். திரைப்பட நடிகையான அவர், பிற்காலத்தில் யுனிசெஃப் நிறுவனத்தின் நல்லெண்ணத் தூதராக, பஞ்சத்தில் வாடிய பிள்ளைகளுக்காகப் பல நாடுகளுக்குப் பயணம் செய்தார். 1992 செப்டம்பரில் சோமாலியாவுக்குச் சென்று திரும்பியபின் அவருக்கு வயிற்றுவலி உண்டாயிற்று. சுவிட்சர்லாந்தில் செய்த பரிசோதனைகளில் காரணம் தெளிவாகவில்லை. நவம்பர் தொடக்கத்தில் லாஸ் ஏஞ்சலஸ் நகரில் அறுவை சிகிச்சை செய்தபோது, குடல்வாலில் தொடங்கிய அபூர்வமான புற்றுநோய், மெல்லிய படலம்போல வயிற்றுக்குள் பரவியிருந்தது தெரிந்தது. 1993 ஜனவரி 20ஆம் தேதி, 63ஆம் வயதில் அவர் காலமானார். எல்லா வசதிகளும் இருந்த ஒருவருக்கே இந்த இடம் இவ்வளவு மறைவாக இருந்தது என்றால், மற்றவர்கள் எவ்வளவு விழிப்பாக இருக்கவேண்டும்!

நாற்பது வயதுக்குப் பின் வரும் அப்பெண்டிக்ஸ்

பள்ளிப் பிள்ளைக்கு வரும் குடல்வால் அழற்சியும், ஐம்பது வயதுக்காரருக்கு முதன்முறையாக வரும் அழற்சியும் ஒன்றல்ல. பெரியவர்களுக்குச் சில வேளைகளில் குருட்டுக்குடலில் உள்ள கட்டியே குடல்வாலின் வாசலை அடைத்து அழற்சியை உண்டாக்கும். குறிப்பாக, குடல்வாலைச் சுற்றிச் சீழ்க்கட்டி உண்டாகி, ஊசிமருந்தால் தணிந்து, "இனி ஆபரேஷன் வேண்டாம்" என்று வீட்டுக்கு அனுப்பப்படுபவர்களைக் கவனிக்கவேண்டும். பின்லாந்து நாட்டில் இப்படிப்பட்ட 60 பேரைச் சேர்த்து நடத்தி 2019இல் வெளியிட்ட ஆய்வில், 12 பேருக்குக் கட்டி இருந்தது. அந்த 12 பேரும் 40 வயதைக் கடந்தவர்கள். இத்தனை பேருக்குக் கட்டி தெரியவந்ததால் அந்த ஆய்வே முன்னதாக நிறுத்தப்பட்டது.

ஆகவே 40 வயதுக்கு மேற்பட்ட ஒருவருக்கு இவ்விதச் சீழ்க்கட்டி வந்து தணிந்தால், சில வாரங்களுக்குப் பின் கொலனோஸ்கோப்பியும் ஸ்கேனும் செய்துகொள்ளவும், குடல்வாலை எடுத்துவிடுவது பற்றி மருத்துவரிடம் பேசவும் வேண்டும். வலி போய்விட்டதே என்று மறந்துவிடக் கூடாது.

இன்னொன்றையும் சொல்லவேண்டும். எந்த வயதினராக இருந்தாலும், வெட்டியெடுத்த குடல்வாலை பார்மலின் போத்தலில் போட்டு நோய்க்குறியியல் பரிசோதனைக்கு அனுப்பவேண்டும். "எடுத்தாயிற்றே, இனி எதற்கு அந்தச் செலவு?" என்று சில குடும்பத்தார் கேட்கிறார்கள். நூற்றில் ஒருவருக்கு அந்தப் போத்தலில்தான் பதில் இருக்கிறது. முடிவு வர ஒரு வாரம் ஆகலாம். அதற்குள் தையல் பிரித்து, வியாதியஸ்தர் ஊருக்குப் போயிருப்பார். அந்த ரிப்போர்ட்டை வாங்கி, மருத்துவரிடம் காட்டும்வரை அறுவை சிகிச்சை முடிந்ததாக எண்ணாதிருங்கள்.

சிகிச்சையும் நம்பிக்கையும்

குருட்டுக்குடல் புற்றுநோய்க்கு முக்கிய சிகிச்சை அறுவைதான். குருட்டுக்குடல், குடல்வால், சிறுகுடலின் கடைசிப் பகுதி, வலதுபக்கப் பெருங்குடல், அவற்றைச் சேர்ந்த நிணநீர்க் கணுக்கள் ஆகியவற்றை ஒன்றாக எடுத்து, மீதிக் குடல்களை இணைத்துவிடுவார்கள். பெரும்பாலும் வயிற்றில் நிரந்தரமாகப் பை கட்டவேண்டிய அவசியம் இல்லை. பலர் பயப்படுவது இந்தப் பைக்கே. ஆகவே இதைத் தெளிவாகச் சொல்கிறோம். எடுத்ததில் குறைந்தது 12 கணுக்களையாவது சோதித்துப் பார்ப்பது வழக்கம். கணுக்களில் நோய் இருந்தால் அதன்பின் மருந்து சிகிச்சை தேவைப்படும்.

பெருங்குடல் புற்றுநோய் குடலுக்குள்ளேயே இருக்கும்போது கண்டறியப்பட்டால், பத்தில் ஒன்பது பேர் ஐந்து ஆண்டுகளைக் கடந்து வாழ்வதாக அமெரிக்கப் புள்ளிவிவரங்கள் காட்டுகின்றன. ஈரலுக்கும் நுரையீரலுக்கும் பரவிய பின் கண்டறியப்பட்டால், அந்த எண்ணிக்கை பத்தில் ஒன்றிரண்டு பேராகக் குறைகிறது. இந்த வித்தியாசத்தின் பெரும்பகுதியைத் தீர்மானிப்பது கண்டறியும் காலமே.

குடும்பத்தில் பெற்றோர், உடன்பிறந்தோர் எவருக்காவது குடல் புற்றுநோய் வந்திருந்தால், மற்றவர்கள் 40 வயதுக்குள்ளாகவே மருத்துவரிடம் ஆலோசனை கேட்கவேண்டும். சில குடும்பங்களில் பரம்பரையாக வரும் லின்ச் நோய்க்கூறு, இளவயதிலேயே வலதுபக்கப் பெருங்குடலைத் தாக்குவது வழக்கம். குடும்பத்தில் எவருக்கும் இல்லாதவர்கள்கூட 45 வயதிலிருந்து பரிசோதித்துக்கொள்ளவேண்டும் என்று அமெரிக்காவில் 2021 முதல் ஆலோசனை கூறப்படுகிறது.

பாடத்தை நினைவுகூர

குடும்பமாகவோ, ஐக்கியக் கூட்டத்திலோ இந்தப் பாடத்தை வாசித்தபின், பின்வரும் கேள்விகளுக்கு ஒருவருக்கொருவர் பதில் சொல்லிப் பாருங்கள்.

1. குருட்டுக்குடலில் கட்டி வளர்ந்தும் நெடுநாள் அடைப்பு வராமலிருப்பது ஏன்?

2. இரும்புச்சத்து மாத்திரையால் ஹீமோகுளோபின் ஏறிவிட்டால், தேடுதலை நிறுத்திவிடலாமா?

3. வலது அடிவயிற்றில் கட்டி என்றதும் காசநோய் மாத்திரையைத் தொடங்குமுன் எது அவசியம்?

4. கொலனோஸ்கோப்பி ரிப்போர்ட்டில் நாம் எதைத் தேடிப் பார்க்கவேண்டும்?

5. வெட்டியெடுத்த குடல்வாலை என்ன செய்யவேண்டும்?

இறுதியாக ஒரு வேண்டுகோள். உங்கள் வீட்டிலோ, பக்கத்து வீட்டிலோ, சபையிலோ, பல மாதங்களாக இரத்தம் ஏற டானிக் குடித்துக்கொண்டிருக்கும் ஒரு தாத்தாவோ பாட்டியோ இருக்கலாம். இந்த வாரத்தில் அவர்களைப் போய்ப் பாருங்கள். இரத்தம் ஏன் குறைந்தது என்று எவராவது சோதித்துப் பார்த்தார்களா என்று அன்போடு விசாரியுங்கள். இல்லை என்றால், தனியாக அனுப்பாமல், நீங்களே கூட அழைத்துக்கொண்டு மருத்துவரிடம் போங்கள். பழைய ரிப்போர்ட்டுகளையும் மாத்திரைச் சீட்டுகளையும் மறவாமல் எடுத்துச் செல்லுங்கள்.